கபிரியேல் ரிஷாரின் ஊர்களில்: மிச்சிகன் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, டெட்ராய்ட் நகர மையம்

டெட்ராய்ட் நகரத்துக் கொடியின் நடுவில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி தீப்பிடித்து எரியும் ஊரைப் பார்த்து அழுகிறாள். மற்றவள் அவளைத் தேற்றி, புதிதாக எழும்பியிருக்கும் ஊரைக் கை காட்டுகிறாள். சுற்றிலும் லத்தீனில் இரண்டு வாசகம். இதைவிட நல்ல காலம் வரும் என்று நம்புகிறோம், சாம்பலிலிருந்து ஊர் எழும்பும் என்று பொருள். 1805 ஜூன் 11-ஆம் தேதி ஊர் முழுக்க எரிந்தபோது இதைச் சொன்னவர் என்று இந்த நகரம் நினைவில் வைத்திருப்பது கபிரியேல் ரிஷார் என்ற பிரெஞ்சுச் சாமியாரை. அவர் நடந்த இடங்களைப் பார்க்கத்தான் மிச்சிகன் வந்திருக்கிறேன். அக்காவும் அத்தானும் பக்கத்தில் கான்டனில் இருப்பதால் தங்குவதற்குக் கவலை இல்லை.

இவர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, அதே மாதிரி ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். ரிஷாரும் கணக்கு வாத்தியார்தான். 1767-இல் பிரான்சின் சேந்த் என்ற ஊரில் பிறந்து, குருமாணவர்களைப் பயிற்றுவிக்கும் சுல்பீசியன் சபையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சி அரசு, சாமியார்கள் எல்லோரும் அரசுக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அவர் எடுக்கவில்லை. 1792-இல் கப்பலேறி அமெரிக்காவின் பால்டிமோர் வந்து சேர்ந்தார். அங்கே புதிதாகத் தொடங்கிய குருமடத்தில் கணக்கு நடத்துவதாக ஏற்பாடு. வந்து பார்த்தால் மாணவர்களே விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். பிஷப் ஜான் கேரல் அவரை மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த இல்லினாய்ஸ் ஊர்களுக்கு அனுப்பினார். 1798-இல் அங்கிருந்து டெட்ராய்ட். அப்போது அவருக்கு முப்பது வயது. அதற்குப் பிறகு சாகும்வரை இந்த ஊர்தான்.

கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவில் காலையிலேயே கூட்டம். குழந்தைகளுக்காக மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். நகரத்தை அளந்து கட்டியபோது எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்களோ அந்த இடத்தில் ஒரு பதக்கம் பதித்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1805-இல் டெட்ராய்ட்டில் சுமார் 600 பேர். எல்லாமே மரவீடுகள், நெருக்கமான சந்துகள். ஒரு ரொட்டிக் கடைக்காரரின் லாயத்தில் பிடித்த தீ சில மணி நேரத்தில் ஊரையே முடித்துவிட்டது. கோயிலும் போயிற்று. ரிஷார் செய்த முதல் வேலை சோற்றுக்கு வழி பண்ணியதுதான். ஆற்றின் இரண்டு கரையிலும் பிரெஞ்சுக் குடியானவர்களின் பண்ணைகள் இருந்தன. எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் ஆற்றைத் தொட்டபடி குறுகலாகத் தொடங்கி, நாடா மாதிரி நீளமாக உள்ளே போகும் நிலங்கள். அந்தப் பண்ணைகளுக்கு ஆளனுப்பித் தானியமும் இறைச்சியும் சேகரித்து, வீடிழந்தவர்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கும் நகரத்தின் கிழக்குப் பக்கத் தெருக்கள் போபியன், சேந்த் ஒபன், டெக்கென்டர் என்று அந்தப் பண்ணைக்காரர்களின் பெயரைத்தான் சுமக்கின்றன.

மாநிலமாவதற்கு முந்தைய நிலையான தனிப் பிரதேசமாக மிச்சிகன் அதே ஜூன் 30-ஆம் தேதி அமைகிறது. மறுநாள் புது ஆளுநர் வில்லியம் ஹல் வந்து இறங்கினால், ஆள வேண்டிய ஊர் கரிக்கட்டையாகக் கிடக்கிறது. நீதிபதி அகஸ்டஸ் உட்வர்ட், வாஷிங்டன் நகர அமைப்பைப் பார்த்து, அறுகோணமும் ஆரச் சாலைகளுமாக ஒரு பெரிய வரைபடம் போட்டார். முழுதாக நிறைவேறவில்லை. உட்வர்ட் அவென்யூ வழியாக வடக்கே நடந்தால் வரும் கிராண்ட் சர்க்கஸ் பூங்கா அரை வட்டமாக நிற்பது அதன் மிச்சம். வரைபடம் போட்ட நீதிபதி பெயரில் பெரிய சாலை இருக்கிறது, சரி. அந்த ஜனங்கள் முதல் வாரம் சாப்பிட்டது யாரால் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஞாயிறு, புனித அன்னம்மாள் பசிலிக்கா

அக்காவும் அத்தானும் நானுமாகப் பூசைக்குப் போனோம். கனடாவுக்குப் போகும் அம்பாசிடர் பாலத்தின் நிழலில், நகரத்தின் தென்மேற்கில் இருக்கிறது கோயில். சிவப்புச் செங்கல், இரண்டு கூர்கோபுரங்கள். 1886-இல் கட்டியது. ஆனால் பங்கின், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த திருச்சபை வட்டாரத்தின், வயது அதைவிட மிக அதிகம். பிரெஞ்சுத் தளபதி கடியாக் 1701 ஜூலை 24-இல் இங்கே கரையிறங்கினார். 26-ஆம் தேதி அன்னம்மாள் திருநாள். அன்றைக்கே கோயில் வேலை தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் பங்குகளில் இது இரண்டாவது பழையது. 1704-இலிருந்து ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகள் இருக்கின்றன. 2020-இல் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது.

திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாள் நடக்கிற வாரம். தினம் ஒரு சமூகத்தார் பூசையை முன்னின்று நடத்துகிறார்கள். பங்கு மக்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். கிடாரும் கைத்தாளமுமாகப் பாடினார்கள். அன்னம்மாள் மாதாவின் அம்மா என்பதால் பாட்டிமார் கூட்டம் இங்கேயும் அதிகம். அக்கா மெழுகுவர்த்தி ஏற்றி, ஊரில் இருக்கும் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டாள்.

பூசை முடிந்து பக்கத்தில் இருக்கும் சிற்றாலயத்துக்குப் போனோம். ரிஷாரின் கல்லறை அங்கேதான். அவர் அடிக்கல் நாட்டிய பழைய கல் கோயிலின் பீடமும் அங்கே இருக்கிறது. தீயில் போன கோயிலுக்குப் பதில் புதுக் கோயில் கட்ட அவருக்கு 1818 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முடிந்தது 1828-இல். இடைப்பட்ட காலத்தில் கிடைத்த இடத்தில் பூசை வைத்தார். அதே காலத்தில் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், கல்லூரி எல்லாம் தொடங்கிவிட்டார். கோயில்தான் கடைசியில் எழும்பியது! எங்கள் ஊர்களில் சாமியார்கள் ஓலைக்கொட்டகையில் பூசை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கல் சுவர் வைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

1802-இல் பங்குச் சாமியாரானபோது அவருடைய பங்கின் எல்லை இன்றைய மிச்சிகன் முழுவதையும் தாண்டிப் போனது. 1799 கோடையிலேயே வடக்கே ஹ்யூரன் ஏரி முனையில் இருக்கும் மாக்கினா தீவுவரை படகில் போய், பல வருடமாகச் சாமியாரைப் பார்க்காத விலங்குத் தோல் வியாபாரிகளின் குடும்பங்களுக்கும் ஒடாவா பூர்வகுடி மக்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துத் திருமணங்களை நடத்தி வைத்திருக்கிறார்.

அவர் செத்த விதத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். 1832 ஜூலையில் பிளாக் ஹாக் என்ற பூர்வகுடித் தலைவருக்கு எதிரான போருக்குப் படைவீரர்களை ஏற்றிவந்த ஹென்றி க்ளே என்ற நீராவிக் கப்பல் டெட்ராய்ட் கரையில் நின்றது. கப்பலில் காலரா. ஊருக்குள் பரவியது. வசதி உள்ளவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். ரிஷார் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார், சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார், இறந்தவர்களை அடக்கம் பண்ணினார். அலை ஓய்கிற நேரத்தில் அவரே படுத்தார். செப்டம்பர் 13-இல் இறந்தார். 64 வயது. ஊரில் எத்தனை பேர் உண்டோ கிட்டத்தட்ட அத்தனை பேரும் அடக்கத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். அதே மாதம் இந்தப் பகுதிக்கெல்லாம் பொறுப்பாயிருந்த சின்சினாட்டி பிஷப் ஃபென்விக்கும் காலராவிலேயே இறந்துபோனார்.

கோயிலுக்கு வெளியே மெக்சிகோக்காரர்களின் கடைகள் வரிசையாக உண்டு. மதியம் அங்கேயே சாப்பிட்டோம். சோளரொட்டியில் சுருட்டிய கோழிக்கறி. காரம் நம்ம ஊர்க் காரம்தான்.

திங்கள், ஆற்றங்கரை

அத்தான் வேலைக்குப் போகும் வழியில் என்னை ஆற்றங்கரையில் இறக்கிவிட்டார். டெட்ராய்ட் ஆற்றின் எதிர்க்கரை கனடாவின் வின்ட்சர். இங்கே கனடா தெற்கே இருக்கிறது. கூப்பிடு தூரம்தான். என் விசாவில் அக்கரை போக முடியாது, நின்று பார்க்கத்தான் முடியும்.

பெல் ஐல் தீவுப் பாலத்துக்குப் பக்கத்தில் கபிரியேல் ரிஷார் பூங்கா இருக்கிறது. மீன் பிடிப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள். அங்கிருந்து ஆற்றோரமாகவே மேற்கே நடக்கலாம். அருமையான நடைபாதை. இடையிடையே நிழலில் உட்கார்ந்து நடந்ததில் மதியமாகிவிட்டது.

இந்த ஆற்றின் கீழ்ப்போக்கில், அந்தக் காலத்தில் ஸ்ப்ரிங்வெல்ஸ் என்று அழைத்த பகுதியில்தான் ரிஷாரின் பள்ளியும் அச்சுக்கூடமும் இருந்தன. பள்ளி என்றால், வெள்ளைக்காரக் குழந்தைகளையும் பூர்வகுடிக் குழந்தைகளையும் சேர்த்து உட்காரவைத்த பள்ளி. எழுத்து, கணக்கோடு நூல் நூற்பது, நெய்வது, பயிர் வேலை என்று கைத்தொழிலும். பெண் குழந்தைகளுக்காக 1804-இலேயே தனியாக ஒரு பள்ளி தொடங்கி, உள்ளூர் இளம்பெண்களையே ஆசிரியைகளாகப் பயிற்றுவித்திருந்தார். 1808-இல் கிழக்கே போன பயணத்தில் ஜனாதிபதி ஜெஃபர்சனைச் சந்தித்துப் பூர்வகுடிப் பள்ளிக்கு அரசு உதவி கேட்டார். ஜெஃபர்சன் பதவி விட்டு இறங்கியபின் உதவி தேய்ந்துபோனது. கடன்தான் மிச்சம்.

அச்சுக்கூடம் வருவதற்கு முன்னால் ஊரில் செய்தி பரவ அவர் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒருவர் நின்று, ஊர்ச் செய்தி, ஏல விவரம், காணாமல் போன மாடு என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார். பிறகு 1809-இல் கிழக்கிலிருந்து ஒரு அச்சுப்பொறியைக் கொண்டுவந்து சேர்த்தார். ரயில் இல்லாத, ஒழுங்கான சாலையும் இல்லாத காலம். ஆகஸ்ட் 31-இல் 'மிச்சிகன் எஸ்ஸே' என்ற பத்திரிகை வெளியானது. நான்கு பக்கம், பெரும்பகுதி ஆங்கிலம், கொஞ்சம் பிரெஞ்சு. மிச்சிகனின் முதல் பத்திரிகை அதுதான். நமக்குக் கிடைப்பது அந்த முதல் இதழ் மட்டும். பத்திரிகை நிலைக்கவில்லை என்றாலும் பொறி சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளுக்கான எழுத்துப் பாடப் புத்தகமும் ஜெபப் புத்தகங்களும் அதில் அச்சாயின. 600 பேர் வீடிழந்து நின்ற ஊருக்கு நான்கு வருஷத்தில் பாடப் புத்தகம் வந்துவிட்டது! வாத்தியாராக வேலை பார்த்த யாருக்கும் இதன் அருமை தெரியும்.

1812-இல் பிரிட்டனுடன் போர். ஆகஸ்ட் 16-ஆம் தேதி அதே ஆளுநர் ஹல், டெட்ராய்ட் கோட்டையை பிரிட்டிஷ் தளபதி ஐசக் பிராக்கிடம் ஒப்படைத்தார். ஊர்க்காரர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். ரிஷார், 'அமெரிக்க அரசியல் சட்டத்தைக் காப்பதாக ஒரு சத்தியம் செய்திருக்கிறேன், இன்னொன்று செய்ய முடியாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்' என்று சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவரை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் சான்ட்விச்சில் அடைத்தார்கள். இன்றைய வின்ட்சரின் ஒரு பகுதி அது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே தெரிகிற கரை. பிரிட்டிஷாருடன் சேர்ந்து போரிட்ட ஷானி பூர்வகுடித் தலைவர் டெக்கும்சே, இந்தச் சாமியாரை விடாவிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன் என்று சொல்லி விடுவித்ததாக ஒரு கதை வழங்குகிறது. டெக்கும்சே 1813 அக்டோபரில் தேம்ஸ் சண்டையில் இறந்தார்.

பிரான்சில் ஒரு சத்தியத்தை எடுக்க மறுத்து நாட்டை இழந்தவர், இருபது வருஷம் கழித்து இன்னொரு சத்தியத்தை எடுக்க மறுத்துச் சிறைக்குப் போகிறார். இவர் பேச்சை ஊர் ஏன் நம்பியது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

போர் முடிந்தபோது பண்ணைகள் அழிந்து பஞ்சம். கோதுமை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். மறுபடியும் கடன்.

செவ்வாய், கான்டன்

விடாத மழை. வெளியே போகவில்லை. சாயங்காலம் அக்கா அடைக்கு அரைத்தாள். சாப்பிட்டபடியே அத்தான் கேட்டார், "சாமியார் தேர்தல்ல நிக்கலாமா மாப்ளே?"

1823-இல் ரிஷார் நின்றார், ஜெயித்தார். மிச்சிகன் பிரதேசத்தின் பிரதிநிதியாக வாஷிங்டன் காங்கிரசுக்குப் போன அவர்தான் அமெரிக்கக் காங்கிரசில் உட்கார்ந்த முதல் கத்தோலிக்கச் சாமியார். பிரதேசப் பிரதிநிதி பேசலாம், ஓட்டுப் போட முடியாது. அவருக்குப் பிறகு இன்னொரு சாமியார் அங்கே போக 1971 ஆயிற்று. மாசசூசெட்ஸிலிருந்து போன சேசு சபைச் சாமியார் ராபர்ட் டிரைனன் அவர். 1980-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் சொன்னதன் பேரில் அவர் மறுபடி நிற்கவில்லை. இன்றைய திருச்சபைச் சட்டப்படி சாமியார்கள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது. அந்தச் சட்டம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 1823-இன் டெட்ராய்ட்டில் பிரெஞ்சு ஜனங்களின் மொழியும் குறையும் தெரிந்து, படித்து, பயப்படாமல் பேச வேறு யார் இருந்தார்கள்? காங்கிரஸ் சம்பளத்தில் பெரும்பகுதி கோயில் கட்டடத்துக்குப் போனது.

இதே சமயத்தில் அவர் மேல் ஒரு வழக்கும் நடந்தது. பங்கில் ஒருவர், மனைவி உயிரோடு இருக்கும்போதே அவளை விட்டுவிட்டு வேறு பெண்ணை மணந்தார். ரிஷார் எச்சரித்துப் பார்த்து, கேட்காததால் அவரைச் சபைவிலக்கம் செய்தார். விலக்கப்பட்டவர் மானநஷ்ட வழக்குப் போட, நடுவர்கள் 1,116 டாலர் தீர்ப்பு எழுதினார்கள். ரிஷாரிடம் அவ்வளவு பணம் ஏது? சிறைக்குப் போனார். இந்த வழக்கில் என் மனம் இரண்டு பக்கமும் போகிறது. கோயிலில் எல்லோர் முன்னிலும் ஒருவரை விலக்குவது சின்ன ஊரில் பிழைப்பையே கெடுத்துவிடும். நீதிமன்றம் அதைப் பார்த்தது. கைவிடப்பட்ட மனைவிக்காகப் பேச ஊரில் வேறு ஆள் இல்லை. சாமியார் அதைப் பார்த்தார். அந்தக் கடன் அவரைக் கடைசிவரை விடவில்லை. டெட்ராய்ட்டுக்கு முதல் பிஷப்பாக அவர் பெயர் ரோமில் பேசப்பட்டும் காரியம் கூடாமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

புதன், ஆன் ஆர்பர்

அக்கா மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "மாமா, வாங்க, நான் சுத்திக் காட்டுறேன்" என்று காலையிலேயே கூட்டிப் போனாள். ஏஞ்சல் ஹால் தூண்களுக்கு மேலே, மதமும் ஒழுக்கமும் அறிவும் நல்லாட்சிக்குத் தேவை என்பதால் பள்ளிகளை என்றென்றும் ஊக்குவிக்க வேண்டும் என்று 1787-ஆம் வருடத்து வடமேற்குப் பிரதேசச் சட்டத்தின் வரிகள் செதுக்கியிருக்கின்றன. உலகம் முழுக்க அறிந்த இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது ஆன் ஆர்பரில் இல்லை, டெட்ராய்ட்டில், 1817-இல். 13 துறைகள். பேராசிரியர்கள் இரண்டே பேர். ஜான் மான்டீத் என்ற பிரஸ்பிட்டேரியன் (புரோட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்று) போதகர் தலைவர், அவருக்கு 7 துறை. ரிஷார் துணைத்தலைவர், அவருக்கு 6.

நான் நெல்லைச் சீமைக்காரன். புரோட்டஸ்டன்ட்காரர்களின் வேதக்கோயில் ஒரு தெரு, கத்தோலிக்கரின் மாதா கோயில் அடுத்த தெரு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தின் கதைகளை என் தாத்தா சொல்லியிருக்கிறார். 1817-இல் ஒரு கத்தோலிக்கச் சாமியாரும் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகரும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பங்கு போட்டு நடத்தினார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அதற்கும் பத்து வருஷம் முன்னால், ஊரில் புரோட்டஸ்டன்ட் போதகர் இல்லாத நேரத்தில், அந்த மக்களே கேட்டு ரிஷார் அரசு மன்றத்தில் அவர்களுக்குப் பிரசங்கம் செய்திருக்கிறார். கல்லூரியை வடிவமைத்து எழுதியது அதே நீதிபதி உட்வர்ட். துறைகளுக்கெல்லாம் கிரேக்கமும் லத்தீனும் கலந்து யாராலும் உச்சரிக்க முடியாத பெயர் வைத்திருந்தார். மருமகளுக்குக் காட்டினேன், இரண்டாவது பெயரிலேயே நிறுத்திவிட்டாள்.

அந்தக் காலத்தில் அது நடைமுறையில் ஆரம்பப்பள்ளி அளவில்தான் நடந்தது. 1837-இல் ஆன் ஆர்பருக்கு மாறி, 1841-இல் கல்லூரி வகுப்பு தொடங்கியபோது 7 மாணவர்கள், 2 பேராசிரியர்கள். ரிஷார் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

நிலம் யார் கொடுத்தது என்பதைச் சொல்லாமல் இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது. 1817 செப்டம்பர் 29-இல் ஃபோர்ட் மெய்க்ஸ் ஒப்பந்தம். ஒஹாயோ பக்கம் பூர்வகுடிகளின் மிகப் பெரிய நிலப்பரப்பை அமெரிக்க அரசு வாங்கிக்கொண்ட ஒப்பந்தம் அது. அதில் ஒடாவா, ஒஜிப்வே, பொட்டவட்டோமி மக்கள், எங்கள் பிள்ளைகள் பிற்காலத்தில் படிக்க விரும்பலாம் என்று சொல்லி, ஆறு சதுர மைல் நிலத்தை, அதாவது 3,840 ஏக்கரை, அன்னம்மாள் கோயிலுக்கும் டெட்ராய்ட் கல்லூரிக்கும் பாதிப் பாதியாக எழுதி வைத்தார்கள். பல்கலைக்கழகம் தன் பங்கைப் பின்னால் விற்று மூலதனமாக்கிக்கொண்டது. அவர்கள் பிள்ளைகள் படித்தார்களா? தலைமுறை தலைமுறையாக இல்லை. 1971-இல் பூர்வகுடி மாணவர்கள் தரப்பில், அந்த ஒப்பந்தப்படி எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் கடமை உண்டு என்று பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1976-இல் மாநில அரசே சட்டம் போட்டு, மிச்சிகன் பூர்வகுடி மாணவர்களுக்கு அரசுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. இப்போது வளாகத்தில் அந்த நிலக்கொடையை நினைவுகூரும் பலகை உண்டு.

பூர்வகுடிப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர் ரிஷார். அவரை நம்பித்தான் அந்த நிலம் வந்தது என்று ஒப்பந்தத்தின் வாசகமே காட்டுகிறது, கத்தோலிக்க மதத்தில் பற்றுள்ளவர்கள் நாங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்ல ஒரு மாநிலத்துக்கு 159 வருஷம் ஆயிருக்கிறது. பலகை வைத்தது நல்லதுதான். ஆனால் பலகை படிப்பு இல்லை. மருமகள் திரும்பி வரும் வழியெல்லாம் இதைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

சனி, லடிங்டன்

குடும்பத்தோடு மேற்கே மிச்சிகன் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறோம். நாலு மணி நேரக் கார் பயணம். ஏரி என்கிறார்கள், அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கிறது, உப்புக் காற்று மட்டும் இல்லை. துறையிலிருந்து பேட்ஜர் என்ற கப்பல் கார்களை ஏற்றிக்கொண்டு விஸ்கான்சினின் மானிட்டோவாக்குக்குப் போகிறது. இன்னமும் நிலக்கரியில் ஓடும் கப்பல்.

ஊருக்குத் தெற்கே, ஏரிக்கும் உள்ளேரிக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் ஒரு பெரிய சிலுவை. மிசிசிப்பி ஆற்றைப் படகில் போய் ஆராய்ந்த சேசு சபைச் சாமியார் ழாக் மார்க்கெத் 1675-இல் நோயோடு படகில் திரும்பி வரும்போது இறந்த இடம் இது என்பது இந்த ஊரின் பாரம்பரியம். வடக்கே ஃபிராங்க்ஃபர்ட் என்ற ஊரும் அதே பெருமையைக் கேட்கிறது. ரிஷார் 1821-இல் இந்த இடத்தைத் தேடி வந்தார். மார்க்கெத் இறந்து அப்போது ஏறக்குறைய 150 வருஷம். இடத்தைக் காட்டியவர்கள் பூர்வகுடிகள்தான், அவர்களுடைய நினைவில் அது அழியாமல் இருந்தது. ரிஷார் ஒரு மரச் சிலுவையை நட்டு, பேனாக்கத்தியால் அதில் மார்க்கெத் பெயரைச் செதுக்கினார். இப்போது நிற்பது பிற்காலத்தில் வைத்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, வடக்கே லார்ப்ர் க்ரோஷ் என்ற கரையோர ஊர்களின் ஒடாவா தலைவர்கள் ஜனாதிபதிக்கும் காங்கிரசுக்கும் மனு அனுப்பினார்கள். அந்தக் காலத்துச் சேசு சபைச் சாமியார்கள் போல எங்களுக்கும் கருப்பு அங்கிச் சாமியார் ஒருவர் வேண்டும் என்று. ரிஷாருக்கு ஆள் இல்லை. இருந்த ஒன்றிரண்டு சாமியார்களை வைத்து இந்த ஏரிகள் முழுக்கச் சமாளித்தார். 1831-இல் ஃபிரெடரிக் பராகா என்ற ஸ்லோவேனியச் சாமியார் அங்கே வந்து சேர்ந்தார். அவருக்குப் பெரிய சரித்திரம் உண்டு, தனியாகத்தான் எழுத வேண்டும்.

மணலில் ஏறி இறங்கியதில் முழங்கால் நோகிறது. சூரியன் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இறங்கியது.

செவ்வாய், நெடுஞ்சாலை 12

சிகாகோவிலிருந்து ஊருக்கு விமானம். அத்தான் லீவு போட்டுக்கொண்டு கொண்டுவந்து விடுகிறார். சிகாகோவுக்கு எல்லோரும் போகும் வழி 94-ஆம் எண் பெருவழி. நான் கேட்டுக்கொண்டதால் 12-ஆம் எண் வழியாகப் போகிறோம். கான்டனுக்குத் தெற்கே மிச்சிகன் அவென்யூ என்ற பெயரில் ஓடும் அதே சாலை.

காங்கிரசில் ரிஷார் மிகவும் பாடுபட்டது இதற்குத்தான். டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோவுக்கு ஒரு ராணுவச் சாலை. பூர்வகுடிகளின் பழைய சாக் நடைபாதைதான் அதற்கு அடிப்படை. போர்க்காலத்தில் சாலை இல்லாமல் டெட்ராய்ட் பசியில் துடித்ததைப் பார்த்தவர் அவர். சாலை போட்டால் நிலம் விற்கும், நிலம் விற்ற பணமே சாலைக்கு ஆகும் செலவைக் கொடுக்கும் என்று வாதாடினார். 1825 மார்ச்சில் அளவை வேலைக்குக் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. அதே வருடம் அக்டோபரில் ஈரிக் கால்வாய் திறந்தது. நியூயார்க்கிலிருந்து ஜனங்கள் தண்ணீர் வழியாகவே டெட்ராய்ட் வந்து இறங்க, சாலை அவர்களை மேற்கே கொண்டுபோனது. 1837 ஜனவரியில் மிச்சிகன் மாநிலமாகும் அளவுக்கு ஜனத்தொகை பெருகியது. ரிஷாரோ அடுத்த தேர்தலில் தோற்றுப்போயிருந்தார், பங்கு வேலைக்குத் திரும்பியிருந்தார்.

சலைன், கிளின்டன் தாண்டி, ஐரிஷ் ஹில்ஸ் என்ற மேடும் பள்ளமுமான பகுதியில் வாக்கர் டாவர்ன் இருக்கிறது. வெள்ளை வண்ணம் பூசிய பழைய மரக்கட்டடம். 1830-களில் சிகாகோ போகும் குதிரைவண்டிகள் நின்ற விடுதி, இப்போது அரசு அருங்காட்சியகம். டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ போக அப்போது ஐந்து நாள்வரை ஆகுமாம். வண்டி சேற்றில் சிக்கினால் பயணிகளே இறங்கித் தள்ள வேண்டும். குடும்பம் குடும்பமாக, சட்டிப் பானை, விதை நெல்லாக விதைக் கோதுமை எல்லாவற்றோடும் போயிருப்பார்கள்.

அருங்காட்சியகத்தில் விடுதிக்காரர் குடும்பத்தைப் பற்றியும் வண்டிகளைப் பற்றியும் நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ரிஷாரைப் பற்றி அங்கே நான் ஒன்றும் பார்க்கவில்லை. வெளியே வரும்போது பார்வையாளர் புத்தகத்தில், இந்தச் சாலைக்காகக் காங்கிரசில் பேசியவர் அன்னம்மாள் கோயில் பங்குச் சாமியார் கபிரியேல் ரிஷார், தயவுசெய்து அவர் பெயரையும் இங்கே வையுங்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, என் பெயரும் ஊரும் போட்டுவிட்டு வந்தேன். அத்தானும் கீழே கையெழுத்துப் போட்டார். இங்கிருந்து கோல்ட்வாட்டர், ஸ்டர்ஜிஸ், நைல்ஸ். அப்புறம் ஏரியை ஒட்டி சிகாகோ.